ஒன்பதடி மைக்கேலைச் சாய்த்து நிறுத்திய கதை

ஆடி பிறந்து மூன்றாம் நாள், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாப்ள ஒரு ஏ4 தாளைச் சுருட்டிக்கொண்டு மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் இருக்கும் என் வெல்டிங் பட்டறைக்கு வந்தான். விரித்தால் மைக்கேல் ஜாக்சன். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, இரண்டு காலும் தரையில், உடம்பு மட்டும் பலகை மாதிரி விறைத்து முன்னால் சாய்ந்து நிற்கிறார். "ஆகஸ்ட் 29 பிறந்தநாளுக்கு இதைக் கட்-அவுட்டா வைக்கிறோம் மாப்ள. ஒம்போது அடி. நீதான் நிப்பாட்டணும்" என்றான். கேட் செய்வேன், கிரில் செய்வேன், மாடிப்படிக்குக் கைப்பிடி செய்வேன். விழப்போகிற ஆளை விழாமல் நிப்பாட்டு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாற்பது நாள் நடந்ததை எழுதி வைக்கிறேன், இதே மாதிரி யாராவது செய்ய நினைத்தால் நான் பட்ட பாட்டில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு பேர். ஜெராக்ஸ் மாப்ள, நான், ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணன், செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்புறம் ஒரு காலத்தில் கோயில் திருவிழா ஆடல் பாடல் மேடைகளில் மைக்கேல் ஜாக்சன் வேடம் கட்டி ஆடி, இப்போது வில்லாபுரத்தில் டான்ஸ் கிளாஸ் நடத்தும் மாஸ்டர். 1996 நவம்பர் 1 அன்று மைக்கேல் மும்பைக்கு வந்து அந்தேரி விளையாட்டு அரங்கத்தில் ஆடினார். அப்போது எனக்குப் பதினாறு வயது, மாஸ்டருக்கு இருபது. மும்பை டிக்கெட்டை விடுங்கள், மும்பைக்குப் போகிற ரயில் டிக்கெட்டுக்கே எங்களிடம் காசு இல்லை. அன்றைக்கு ராத்திரி ஒரு டீக்கடை வாசலில் டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு, "இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாருல்ல" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் கூட்டம்தான் இன்னமும் கலையாமல் இருக்கிறது, முடி மட்டும் போய்விட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். சாதாரணக் கட்-அவுட்டில் எனக்குப் பெரிய வேலை கிடையாது. ஆள் நேராக நிற்பார், முதுகுக்குப் பின்னால் சவுக்குக் கம்போ இரும்புப் பைப்போ முட்டுக் கொடுத்தால் முடிந்தது. முட்டு முன்னால் இருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. இந்தப் போஸில் அந்த வசதி இல்லை. ஆள் பக்கவாட்டுத் தோற்றத்தில் முன்னால் சாய்ந்திருக்கிறார். நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுக்குக் கீழே எல்லாம் வெறும் காற்று. அங்கே ஒரு கம்பை நட்டு முட்டுக் கொடுத்தால், கைத்தடி ஊன்றிய தாத்தா மாதிரி ஆகிவிடும். இந்தப் போஸின் அழகே பிடிமானம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அவர் எப்படிச் செய்தார் என்று தேடிப் படித்தோம். 1988இல் வந்த 'மூன்வாக்கர்' படத்தில் 'ஸ்மூத் கிரிமினல்' பாட்டுக்கு இந்தச் சாய்வைப் படம் பிடித்தபோது உடம்பில் கம்பி கட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். சினிமாவில் அது சரி. மேடையில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் கம்பி கட்டிக்கொண்டு எப்படி ஆடுவது? அதனால் மைக்கேலும் அவருடைய உடை வடிவமைப்பாளர்களான மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் இருவரும் சேர்ந்து ஒரு ஷூவைக் கண்டுபிடித்தார்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு பள்ளம். மேடைத் தரையில் இருந்து சரியான நேரத்தில் ஆணி மாதிரி ஒரு கொண்டை மேலே வரும். ஆடிக்கொண்டே காலை முன்னால் நகர்த்தினால் குதிகால் பள்ளம் போய் அந்தக் கொண்டையில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு சாய்ந்தாலும் குதிகால் தரையை விட்டு எழும்பாது. 1993 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள், கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் மைக்கேல் ஜாக்சன் பெயர் முதலில். பாட்டுக்காரர் ஒருவர் செருப்புக்குப் பேட்டன்ட் வாங்கியிருக்கிறார் என்பதை ஆட்டோ அண்ணன் இரண்டு நாள் வரை நம்பவில்லை. மாப்ள அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் நம்பினார்.

அதைவிட எனக்குப் பிடித்த சேதி, இந்தச் சாய்வை 2018இல் உட்கார்ந்து ஆராய்ந்து மருத்துவ இதழில் கட்டுரை எழுதியவர்கள் சண்டிகர் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர்கள். நம்மைப் போன்றவர்கள் கணுக்காலில் இருந்து நேராகச் சாய்ந்தால் 20 டிகிரிக்கு மேல் தாங்காதாம், நன்றாகப் பயிற்சி எடுத்த ஆட்டக்காரர் 25, 30 வரை போகலாம், மைக்கேல் போனது 45. அந்தப் பாரம் முதுகுத் தசையை விட்டுக் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணுக்கு இறங்கிவிடுகிறதாம். ஷூ இருந்தாலும் உடம்பில் வலு இல்லாவிட்டால் முடியாது. மாஸ்டர் இதைக் கேட்டதும் பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை சாய்ந்து பார்த்தார். அடுத்த நாள் நொண்டிக்கொண்டே கிளாஸ் எடுத்தார்.

படம் வரைய யார் என்ற பேச்சு வந்ததும், ஃபிளெக்ஸில் பிரிண்ட் போட்டு ஒட்டிவிடலாம், ஒரு மணி நேரத்து வேலை என்றார்கள் செல்போன் கடைத் தம்பிமார். எனக்கும் மாஸ்டருக்கும் அது ஒப்பவில்லை. கீரைத்துறையில் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தங்கம் தியேட்டர் இருந்த நாட்களில் இருந்து கட்-அவுட்டும் பேனரும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் ஒரே மூச்சில் போனது, இப்போது நம்பர் பிளேட்டும் கடை ஷட்டரும் எழுதுகிறார். போய்க் கேட்டோம். "யாரு, அந்த வெள்ளக்காரனா?" என்றார். வெள்ளைக்காரர் இல்லை என்று விளக்கவே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் தாளை வாங்கிக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த டை ஏன் தம்பி நெஞ்சோட ஒட்டிக் கெடக்கு? ஆணி அடிச்சிருக்கா?"

எங்கள் ஆறு பேரில் ஒருவரும் கவனிக்காத விஷயம். மாப்ள செய்த காரியம் பிறகுதான் தெரிந்தது. அவனுக்குக் கிடைத்த சாய்ந்த படம் மங்கலாக இருந்ததால், நேராக நிற்கும் வேறொரு படத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் 45 டிகிரி திருப்பிவிட்டிருக்கிறான். ஆள் சாய்ந்தால் டை சாயாது, அது நேராகத் தரையைப் பார்த்துத் தொங்க வேண்டும். கோட்டின் முன்பக்கமும் அப்படித்தான். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம், கோட்டு உடம்பை விட்டுப் பிரிந்து கீழே தொங்குகிறது. "தொங்குறது எல்லாம் நேரா தொங்குனாத்தான் ஆளு சாஞ்சிருக்கான்னு தெரியும். இல்லாட்டி பலகைதான் சாஞ்சிருக்கும்" என்றார். அப்போது அதை ஓவியக்காரர் பேச்சு என்று விட்டுவிட்டேன், பத்து நாள் கழித்துப் புரிந்தது.

பலகைக்கு 6 எம்எம் பிளைவுட் 8க்கு 4 ஷீட் இரண்டு வாங்கினோம். ஆள் ஒன்பது அடி, ஷீட் எட்டு அடி, எங்காவது ஓர் ஒட்டு வந்தே தீரும். அந்த ஒட்டைக் கோட்டு முடியும் விளிம்பில் கொண்டுவந்தோம், இயல்பாகவே அங்கே ஒரு கோடு இருக்கிறது, மேல் ஷீட்டில் தொப்பியில் இருந்து கோட்டு வரை, கீழ் ஷீட்டில் கால்கள். ஆர்ட்டிஸ்ட் அண்ணன் தாளில் ஓர் அங்குலத்துக்கு ஒரு கட்டம் போட்டார், பலகையில் ஓர் அடிக்கு ஒரு கட்டம், நீலப் பொடி தடவிய நூலை இழுத்து 'டப்' என்று அடித்தால் கோடு விழுந்துவிடும். தாளில் ஆள் ஒன்பது அங்குலம், பலகையில் ஒன்பது அடி, கணக்குப் போடவே தேவையில்லை. சாக்பீஸில் வெளிக்கோடு போட்டதும் ஜிக்சா ரம்பம் வைத்து வெட்டினேன். வெட்டிய ஓரம் முழுக்கப் பட்டி பார்த்து, மணல்தாள் தேய்த்து, பிரைமர் இரண்டு கோட்டு. பிளைவுட்டின் ஓரத்தில்தான் முதலில் தண்ணீர் ஏறும், ஏறினால் பொட்டலம் மாதிரி உப்பிவிடும், அதனால் முகத்தை விட ஓரம்தான் அதிகம் பிரைமர் குடித்தது.

அவர் வர்ணம் போட்டதை நான் பட்டறை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளை உடுப்புதானே, ஒரு டப்பா வெள்ளை எனாமல் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் வெள்ளையைத் தொடவே இல்லை. முதலில் கொஞ்சம் நீலமும் கறுப்பும் கலந்து மழைமேக நிறத்தில் ஒன்று, அப்புறம் அதில் வெள்ளை சேர்த்து இன்னொன்று, அப்புறம் இன்னும் இளசாக மூன்றாவது. மடிப்பு எங்கே உள்ளே போகிறதோ அங்கே மேகம், மடிப்பு எங்கே எழும்புகிறதோ அங்கே இளசு. முழங்காலுக்குப் பின்னால் பேன்ட் சுருங்கும் இடத்தில் நாலே நாலு இழுப்பு, பிரஷ்ஷைப் பக்கவாட்டில் சாய்த்து. கடைசியில் தொப்பி விளிம்பு, தோள், முழங்கால் முட்டி, ஷூவின் மேல்பட்டை, இந்த இடங்களில் மட்டும் சுத்த வெள்ளை, அதிலும் ஒரு துளி மஞ்சள். "முப்பது வருசம் வேட்டி எழுதுன கையி தம்பி. வெள்ள வேட்டிக்கு வெள்ள பெயின்ட் அடிச்சா சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி இருக்கும். நெழல எழுதுனா வெள்ள தானா வரும்" என்றார். மதுரையில் எத்தனை தலைவர்களுக்கு, எத்தனை மாப்பிள்ளைகளுக்கு வேட்டி எழுதினாரோ, அதே மடிப்புதான் மைக்கேல் ஜாக்சன் பேன்ட்டில் வந்து விழுந்தது. தள்ளி நின்று பார்த்தால் சலவை செய்து வந்த துணி.

முகத்தில்தான் சண்டை வந்தது. எந்த மைக்கேல்? 'த்ரில்லர்' ஆல்பம் காலத்து மாநிறமா, பிற்காலத்து வெளுப்பா? தம்பிமார் ஒரு பக்கம், மாஸ்டர் ஒரு பக்கம். மைக்கேல் தோலை வெளுக்க வைத்துக்கொண்டார் என்று ஊரில் பாதிப் பேர் இன்னமும் சொல்கிறார்கள், அது வெண்புள்ளி. 1993 பிப்ரவரியில் அமெரிக்க டிவியில் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் கொடுத்த பேட்டியில் தன் தோலில் நிறம் போகும் நோய் இருப்பதாக அவரே சொன்னார், இறந்த பிறகு பிரேதப் பரிசோதனையிலும் அது உறுதியானது. ஆட்டோ அண்ணனுக்கும் இரண்டு கையிலும் வெண்புள்ளி உண்டு. அவர் சண்டையில் கலந்துகொள்ளாமல் இருந்தார். கடைசியில் எழுந்து வந்து, ஆர்ட்டிஸ்ட் அண்ணனின் கலவைத் தட்டுக்குப் பக்கத்தில் தன் முன்கையை வைத்தார். "இந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவுல ஒண்ணு போடுங்கண்ணே" என்றார். போட்டார். பொருந்தியது. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

(மாப்ளயின் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், சிறுவர்களிடம் தவறாக நடந்ததாக மைக்கேல் மேல் இருந்த குற்றச்சாட்டுகள் பற்றிக் கேட்டாள். 2005இல் நீதிமன்றம் விடுவித்தது, ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை என்று இரண்டையும் சொன்னோம். எங்களுக்கு அந்தக் கால் வேண்டும், அந்த ஆட்டம் வேண்டும், ஆளைச் சாமி ஆக்க வேண்டாம் என்பது என் கட்சி. மாஸ்டர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.)

இப்போது என் பங்கு, என் முட்டாள்தனமும். இது வர்ணம் போடுவதற்கு முன்னால் நடந்தது. பலகைக்குப் பின்னால் ஒரு அங்குலச் சதுரப் பைப்பில் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளமும், தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்கே இரண்டும் வைத்து ஃபிரேம் அடித்தேன். பைப்பின் அடிமுனையை 45 டிகிரியில் சீவி, மூன்றடிக்கு மூன்றடி ஆங்கிள் சட்டத்தின் நடுப்பட்டையில் வைத்துச் சுற்றி வெல்டு. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், அச்சாக 45. சட்டத்தின் பின்பக்கம் செங்கல் அடுக்கினேன். நின்றது. ஒன்பது அடி ஆள், தொப்பி நுனி தரையில் இருந்து கிட்டத்தட்ட ஆறடி நாலங்குல உயரத்தில், காலில் இருந்து முன்னால் நீண்டிருப்பதும் அதே ஆறடி நாலங்குலம். டை, கோட்டு, கை இதெல்லாம் வர்ணம் வாங்காத நிலையில், வெறும் பிரைமரோடு பட்டறை வாசலில் இரண்டு நாள் சோதனைக்கு நிறுத்தினேன்.

ஆர்ட்டிஸ்ட் அண்ணன் சொன்னது அந்த இரண்டு நாளில்தான் புரிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, "ஏப்பா, கட்-அவுட்டு சாயுது, தூக்கி நிறுத்துங்க" என்றார்கள். பால்காரர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்துத் தூக்கவே பார்த்தார். முக்கில் உட்கார்ந்து பூக்கட்டும் அக்கா ஒரு நாளைக்கு நாலு தடவை, "யாரு தலையிலயாச்சும் விழப்போகுது, சொல்லிட்டேன்" என்று எச்சரித்தது. ஒருவர் கண்ணுக்கும் ஆள் சாய்ந்திருப்பதாகத் தெரியவில்லை, பலகை சாய்ந்திருப்பதாகத்தான் தெரிந்தது. நேராகத் தொங்குகிற பொருள் ஒன்றுகூட அதில் இல்லையே.

பூக்காரக்கா வாக்கு பலித்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இரண்டாம் நாள் ராத்திரி அடித்த காற்றுக்கு என் வெல்டு எம்மாத்திரம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் மைக்கேல் குப்புறக் கிடக்கிறார், மூக்கு சிராய்த்து, தொப்பி நுனி உடைந்து. தெருவில் யாரும் இல்லாத நேரம், பிழைத்தோம். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்ததை நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டோரம் இதை வைப்பதே இல்லை, காம்பவுண்டுக்குள்ளேதான், அதுவும் கயிறு கட்டி ஆளை எட்ட நிறுத்தித்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

உடைந்த இடத்தைப் பார்த்தேன். வெல்டு போகவில்லை. வெல்டுக்கு ஒட்டினாற்போல் பைப் கிழிந்திருந்தது. அதாவது பாரம் முழுக்கக் கணுக்காலில் ஒரே ஒரு அங்குலப் பைப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். பழைய இரும்புக் கடைத் தராசில் ஃபிரேமோடு எடை போட்டால் 18 கிலோ. ஓர் உருளைப் பைப்பின் மேல் கிடத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி, தராசுக் கோல் மாதிரி சமமாக நிற்கும் இடத்தைக் குறித்தால் பாதத்தில் இருந்து நாலே முக்கால் அடி. 45 டிகிரி சாய்த்தால் அந்த இடம் காலில் இருந்து கிட்டத்தட்ட மூன்றடி நாலங்குலம் முன்னால் போகும். 18 கிலோவை மூன்றடி நாலங்குலத்தில் தொங்கவிட்டால் பாதத்தில் 60 கிலோ-அடி முறுக்கு. காற்று அசைக்கிற அசைப்பு தனி. ஒற்றைப் பைப்பு அதைத் தாங்கியிருந்தால்தான் அதிசயம்.

பட்டறையில் தரையில் உட்கார்ந்து மாப்ள பிரிண்ட் எடுத்த அந்தப் பேட்டன்ட் படத்தை மறுபடி பார்த்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. மைக்கேல் கணுக்காலை நம்பவில்லை. முன்பாதம் தரையை அழுத்துகிறது, குதிகாலைக் கொண்டை கீழே பிடித்திழுக்கிறது, இரண்டும் எதிர் எதிர். என்னுடைய ஆளுக்கு ஷூ ஒன்றரை அடி நீளம். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி வைத்தால், 60 கிலோ-அடியை ஓர் அடியால் வகுத்து, குதிகாலை மேலே இழுப்பது 60 கிலோ. அவ்வளவுதான், ஒரு 16 எம்எம் போல்ட்டுக்கு அது தூசு.

அதனால் ஷூவையே இரும்பில் செய்தேன். 6 எம்எம் தகட்டை ஷூ வடிவத்தில் ஒன்றரை அடிக்கு வெட்டி அடித்தகடு. குதிகால் பக்கம் சாவித்துவாரம் மாதிரி, முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் ஒரு பள்ளம். அடிச் சட்டத்தில் 16 எம்எம் போல்ட்டைத் தலை மேலே இருக்கும்படி நிறுத்தி வெல்டு. ஆளைத் தூக்கி, அகலமான பக்கத்தில் போல்ட் தலையை நுழைத்து, அப்படியே முன்னால் தள்ளினால் குறுகலான பக்கத்தில் போய் மாட்டிக்கொள்ளும், மைக்கேல் செய்த மாதிரியே. பின்னுக்கு நழுவாமல் இருக்க முன்பாதத்தில் ஒரு சின்ன போல்ட். காலுக்கு ஒற்றைப் பைப்புக்குப் பதில் குதிகாலில் இருந்து ஒன்று, முன்பாதத்தில் இருந்து ஒன்று, இரண்டும் முழங்காலில் சேரும்படி முக்கோணம். பேன்ட்டின் அகலத்துக்குள் அது அடங்கிவிட்டது. அடிச் சட்டத்தையும் மாற்றி ஐந்தடிக்கு மூன்றடி ஆக்கினேன், பாதத்துக்கு முன்னால் இரண்டடி, பின்னால் மூன்றடி. பின்பக்கம் முப்பது கிலோ மூட்டை இரண்டு. வைகை மணலுக்கு இப்போது எங்கே போவது, எம்-சாண்ட்தான்.

இன்னொரு தொல்லை, காற்று பலகையின் முகத்தில் அடிப்பது. அதற்குப் பின்பக்கம் முட்டு வேண்டும், ஆனால் தெரியக்கூடாது. இதற்கு ஒரு வழி தானாகவே அமைந்தது, நான் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். முதுகு நடுவில் இருந்து கிளம்பும் முட்டுப் பைப்பின் அடிமுனையை ஷூவுக்கு நேராகப் பலகைக்குப் பின்னால் மூன்றடி தள்ளி ஊன்றினால், முன்னால் இருந்து பார்ப்பவருக்கு அந்தப் பைப்பு உடம்பின் கோட்டிலேயே சாய்ந்து, உடம்புக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொள்கிறது. வேறு எங்கே ஊன்றினாலும் எட்டிப் பார்க்கும். பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் தெரியும்தான், அந்தப் பக்கம் கயிறு கட்டிவிட்டோம்.

மூக்கையும் தொப்பியையும் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் பட்டி வைத்துச் சரிசெய்தார். டையை மட்டும் கடைசியாக எழுதினார். பலகையைத் தரையில் கிடத்தி வைத்துத்தான் எழுத முடியும், அதனால் உடம்பு நடுக்கோட்டுக்கு 45 டிகிரியில் மூலைமட்டம் வைத்து நூல் அடித்து, அந்த நூல்மேல் டை. இரண்டடி நீளம், கழுத்தில் இருந்து கிளம்பி உடம்பை விட்டு வெளியே காற்றில் தொங்குகிறது, அதற்காகப் பலகையில் தனியாக ஒரு நாக்கு வெட்டிக் கொடுத்திருந்தேன். கூலி என்று அவர் 5,000 வாங்கினார், அதுவும் நாங்கள் சட்டைப்பையில் திணித்தது. மற்ற செலவு பிளைவுட், பைப்பு, பெயின்ட் எல்லாம் சேர்த்து 7,200, ஆறு பேர் பிரித்துக்கொண்டோம். என் வெல்டிங் ராடுக்கு நான் கணக்கு எழுதவில்லை, கரண்டு பில் வந்தபோது வீட்டில் திட்டு விழுந்தது.

28ஆம் தேதி குட்டியானையில் ஏற்றி வில்லாபுரம் டான்ஸ் கிளாஸ் வாசலுக்குக் கொண்டுபோனோம். தூக்கி, நுழைத்து, தள்ளி, 'டக்' என்று மாட்டியதும் நாலு பேரும் கையை எடுத்துவிட்டு ஒரே நேரத்தில் பின்னால் குதித்தோம். நின்றார். மறுநாள் சாயங்காலம் மாஸ்டரின் பிள்ளைகள் இருபது பேர் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு அவர் முன்னால் ஆடினார்கள், சாயும் இடம் வந்ததும் அத்தனை பேரும் வரிசையாகச் சாய்ந்து மெத்தையில் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். அந்தத் தெருவில் அன்றைக்கு ஒருவர்கூட "சாயுது, தூக்குங்க" என்று சொல்லவில்லை. டை சொல்லிவிட்டது.

பால் ஊற்ற வேண்டும் என்று தம்பிமார் ஒரு குடத்தோடு வந்தார்கள், பிளைவுட் ஓரத்தைக் காட்டி நான் தடுத்துவிட்டேன். மாலை போடலாம் என்று சமாதானம் ஆனது. பட்டறை முக்குப் பூக்காரக்காவிடம்தான் சொல்லியிருந்தோம். ஆட்டோ அண்ணன் வண்டியில் அக்காவே மாலையோடு வந்து இறங்கியது, நல்ல கனமான மல்லி மாலை, இரண்டு கிலோ இருக்கும். கழுத்தில் இரண்டு கிலோ என்றதும் எனக்கு மனசுக்குள் கணக்கு ஓடியது, ஆறடி தூரத்தில் இரண்டு கிலோ, சரி, போல்ட் தாங்கும். "எனக்குத் தெரிஞ்சு ஒன்னைய மாதிரி சாஞ்சு நின்னு மாலை வாங்குனவன் எவனும் இல்லப்பா" என்று மைக்கேலிடமே சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறி அக்காதான் போட்டது.

மாலை இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி, தரைக்கு நேராக. பக்கத்திலேயே எழுதிய டை. ஆர்ட்டிஸ்ட் அண்ணன் நாலடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தம்பி, டை நுனி ஒரு வெரக்கடை தப்பு."

போய்ப் பார்த்தேன். தப்புதான், ஆனால் அவருடையது இல்லை. என் போல்ட் தலைக்கும் குதிகால் தகட்டுக்கும் நடுவே அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆட்டம் இருந்திருக்கிறது, பாரம் ஏறியதும் குதிகால் அந்த அளவுக்கு எழும்பி, ஆள் 45ஐத் தாண்டி 47க்குப் போயிருக்கிறார். மூன்று வாசர் போட்டால் சரியாகிவிடும். அதற்கு ஆளைக் கழற்ற வேண்டும், மாலையை எடுக்க வேண்டும். வாசர் விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை, டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "அந்த அரை இஞ்சு பிரஷ்ஷ எடு, பாட்டு முடியிறதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.